அணிலுக்கு எந்தத் துப்பாக்கி?

கொய்யா பழுக்கத் தொடங்கும் பருவம் வந்துவிட்டால், தாம்பரத்தை அடுத்த சேலையூரிலும் மாடம்பாக்கத்திலும் சிட்லபாக்கத்திலும் வீட்டுக்குப் பின்னால் இரண்டு மரங்களை நட்டுச் சிரத்தையோடு வளர்த்துவரும் அன்பர்களில் யாராவது ஒருவர் என்னைத் தேடிவந்து ஒரே கேள்வியைக் கேட்பது ஏறக்குறைய வழக்கமாகவே ஆகிவிட்டது. "சார், பழம் ஒன்றுகூட வாய்க்கு வருவதில்லை, எல்லாவற்றையும் அணில் கடித்துப் போட்டுவிடுகிறது, ஒரு ஏர்கன் வாங்கிவிடலாம் என்று பார்க்கிறேன், எது வாங்கினால் நல்லது?" என்கிறார்கள். வாலிபப் பிராயத்தில் எனக்குத் துப்பாக்கிப் பயிற்சியில் கொஞ்சம் ஈடுபாடு இருந்தது என்பதை அறிந்தவர்கள் அவர்கள், ஆகையால் கேட்கிறார்கள். வாசலில் நின்றபடி இரண்டு வார்த்தையில் சொல்லி அனுப்பக்கூடிய விஷயமில்லை இது. எந்தப் பிராணிக்கு எந்த ஆயுதம், எவ்வளவு தூரத்தில், அந்தப் பிராணிக்குப் பின்னால் என்ன இருக்கும்போது என்று கிரமமாக யோசித்துக்கொண்டு போனால்தான் நியாயமான விடை கிடைக்கும். அந்த யோசனையை இங்கே விஸ்தாரமாகவே எழுதிவைக்கிறேன்.

அணில் வேட்டை ஒரு முழுமையான கலையாக வளர்ந்த தேசம் அமெரிக்கா. கென்டக்கியிலும் அதைச் சுற்றியுள்ள மலைப் பிரதேசங்களிலும் ஓக், ஹிக்கரி முதலிய கொட்டை மரங்கள் அடர்ந்த வனங்களில் வாழும் சாம்பல் அணில் அரைக் கிலோ எடை இருக்கும்; அதனினும் பெரிய இன்னோர் இனம் ஒரு கிலோவை எட்டுவதும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே குடியேறியவர்களுக்கு அது அன்றாட ஆகாரம். ஈயமும் வெடிமருந்தும் கிடைத்தற்கரிய பொருள்களாக இருந்த அந்தக் காலத்தில், பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியக் கொல்லர்கள், குழலின் உட்புறத்தில் சுருள் பள்ளங்களை வெட்டி, துளையைச் சிறிதாக்கி, குழலை நீட்டி, கொஞ்சம் மருந்தைக்கொண்டே குண்டைத் துல்லியமாகச் செலுத்தும் ரைஃபிள்களைச் செய்தார்கள். அவற்றுள் மிகச் சிறிய துளை உடையவற்றை அணில் துப்பாக்கி என்றே அங்குள்ளவர்கள் அழைத்தார்கள். பறவைச் சித்திரங்களால் உலகப் புகழ் பெற்ற ஆடுபன், டேனியல் பூன் என்ற வேட்டைக்காரர் அணிலைச் சுடுவதை நேரில் கண்டதாக வர்ணித்திருக்கிறார்: பூன் அணிலின் உடலைக் குறிவைக்கவில்லை, அது ஒட்டிக்கொண்டிருந்த கிளையின் பட்டையை, அதன் வயிற்றுக்குச் சற்றே கீழே குறிவைத்தார், பட்டை சிதறிய அதிர்ச்சியிலேயே அணில் உயிரிழந்து விழுந்தது, இறைச்சியில் குண்டு தொடவே இல்லை. இந்தத் திறமை அவர்களிடையே எவ்வளவு பரவியிருந்தது என்றால், 1862 செப்டம்பரில் உள்நாட்டு யுத்தத்தின்போது சின்சினாட்டி நகரத்தைத் தற்காக்கக் கிராமங்களிலிருந்து வந்து குவிந்த பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட தொண்டர்களுக்கு 'அணில் வேட்டைக்காரர்கள்' என்ற பெயரே நிலைத்துவிட்டது.

1887-இல் ஸ்டீவன்ஸ் கம்பெனி .22 லாங் ரைஃபிள் தோட்டாவை உருவாக்கியபின், அந்தப் பழைய ரைஃபிளின் இடத்தை .22 பிடித்துக்கொண்டது. இலைகள் அடர்ந்திருக்கும் பருவத்தின் தொடக்கத்தில் ரவை சிதறும் துப்பாக்கியும், இலையுதிர்ந்து கிளைகள் வெளிப்பட்டபின் .22 ரைஃபிளும் என்று அவர்கள் பிரித்துக்கொள்வார்கள். விடியலுக்கு முன்பே கொட்டை மரத்தடியில் போய் உட்கார்ந்து, அசையாமல், அணில் கொட்டையைக் கொறித்துத் தோலைக் கீழே உதிர்க்கும் சிறு சப்தத்துக்காகக் காத்திருப்பதே அவர்கள் முறை. அணில் ஆளைக் கண்டால் மரத்தின் மறுபக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். ஆகவே இருவராகச் சென்று, ஒருவர் அசையாமல் நிற்க, மற்றவர் மரத்தைச் சுற்றி நடப்பார். நடப்பவரிடமிருந்து ஒளியும் அணில் நிற்பவர் கண்ணெதிரே வந்துவிடும். ஆகாயத்தைப் பின்னணியாகக் கொண்டு ரைஃபிளால் சுடலாகாது, குண்டு தவறினாலும் மரத்திலோ மண்ணிலோ போய்ப் பதியவேண்டும் என்பது அவர்களிடையே சிறுவர்களுக்குக் கற்பிக்கப்படும் முதல் பாடம். எந்த மாதம் சுடலாம், ஒரு நாளைக்கு எத்தனை எடுக்கலாம் என்பதற்கும் மாநிலத்துக்கு மாநிலம் திட்டமான விதிகள் இருக்கின்றன. அந்தக் காட்டுக்கும் அந்த அணிலுக்கும் அந்த ரைஃபிளுக்கும் இடையே இருநூறு ஆண்டுகளில் உண்டான ஒரு பொருத்தம் அது. அதை நான் குறைகூற மாட்டேன்.

இனி நம்முடைய அணிலைப் பார்ப்போம். முதுகில் மூன்று வெண்கோடுகளுடன் திரியும் இந்தத் தென்னாட்டு அணிலுக்கு 1766-இல் லின்னேயஸ் விஞ்ஞானப் பெயர் சூட்டினார். வடக்கே இருப்பது ஐந்து கோடுகள் உடைய வேறோர் இனம். நம்முடையது வளர்ந்த நிலையிலும் சுமார் நூறு கிராம் எடைதான் இருக்கும். அமெரிக்க அணிலின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு. தோலையும் எலும்பையும் குடலையும் நீக்கிவிட்டால் அதில் ஒரு மனிதனுக்கு ஒரு கவளம் இறைச்சி தேறுவதே கடினம். ஆக, ஆகாரத்துக்காக வேட்டையாடுகிறோம் என்ற நியாயம் இங்கே எடுத்த எடுப்பிலேயே விழுந்துவிடுகிறது. பருவ விதியும் இங்கே பொருந்தாது. குளிர்நாட்டு அணிலுக்குக் குட்டி போடுவதற்கென்று காலங்கள் உண்டு. நம் அணில் ஏறக்குறைய ஆண்டு முழுவதும் ஈனுகிறது. தேங்காய் நாரையும் பஞ்சையும் துணிக்கிழிசலையும் கொண்டு உருண்டையாகக் கட்டிய கூட்டுக்குள், கண் திறவாத இரண்டு மூன்று குட்டிகளைப் போட்டுவிட்டு இரைதேட வரும் தாயைத்தான், நாம் எந்த மாதத்தில் துப்பாக்கியை எடுத்தாலும், கொய்யா மரத்தில் சந்திக்க நேரும். அதைச் சுட்டுவிட்டால், எங்கோ ஒரு சன்ஷேடுக்கு மேலே இருக்கும் அந்தக் குட்டிகள் என்ன ஆகும் என்பதை நான் எழுதவேண்டியதில்லை.

காற்றுத் துப்பாக்கியின் கணக்கையும் போட்டுப் பார்த்துவிடுவோம். சாதாரணமாகக் கடைகளில் கிடைப்பது 4.5 மில்லிமீட்டர் துளையுள்ளது. அதில் போடும் ஈயக் குண்டு அரை கிராம் அளவு எடை உள்ளது. 20 ஜூல் ஆற்றலோடு அது புறப்படுமானால், வினாடிக்கு ஏறக்குறைய 280 மீட்டர் வேகத்தில் போகும். குழலை மடக்கிச் சுருள்வில்லை இறுக்கும் மாதிரித் துப்பாக்கியில், குண்டு வெளியேறுவதற்கு முன்பே உள்ளே பிஸ்டன் பாய்ந்து துப்பாக்கி முழுவதையும் முன்னும் பின்னும் உலுக்கிவிடும். அதைக் கெட்டியாக இறுக்கிப் பிடிப்பவர் கையில் குறி தவறும். தளர்வாக, ஒவ்வொரு தடவையும் ஒரே விதமாகப் பிடிக்கப் பழக வேண்டும், அதற்கு நெடுநாள் சாதகம் வேண்டும். அணிலின் தலையில், பட்டவுடன் வேதனையின்றி உயிர் போகக்கூடிய இடம் ஒரு கொட்டைப்பாக்கு அளவுதான். அந்த அணிலோ ஓரிடத்தில் நிலைத்து நிற்பதில்லை. நின்றாலும் வாலை வெட்டிக்கொண்டே நிற்கும். பழக்கமில்லாதவர் மாடியிலிருந்து சுட்டால் குண்டு தாடையிலோ வயிற்றிலோ இடுப்பிலோதான் படும். அடிபட்ட பிராணி விழாமல் எங்கேயாவது ஓடி ஒளிந்து, நெடுநேரம் கழித்துச் சாகும். துப்பாக்கியை நேசித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரே அடியில் முடியும் என்ற நிச்சயம் இல்லாத இடத்தில் விசையில் விரல் வைப்பது எந்தத் தேசத்து வேட்டை தர்மத்துக்கும் விரோதம்.

அப்படியானால் .22 ரைஃபிள் வாங்கினால் என்ன என்று கேட்பவரும் இருக்கிறார்கள். உரிமம் கிடைப்பதே அருமை என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்தச் சின்னஞ்சிறு தோட்டாவின் குண்டு ஒன்றரைக் கிலோமீட்டர் வரை பறக்கவல்லது. தாம்பரம் ரயில் நிலையத்தை மத்தியாகக் கொண்டு அவ்வளவு தூரத்துக்கு ஒரு வட்டம் வரைந்தால், அதற்குள் எத்தனை பள்ளிக்கூடங்கள், எத்தனை ஆஸ்பத்திரிகள், எத்தனை மாடி வீடுகள்! தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து 2021-இல் மாநகராட்சியாகிவிட்ட பிரதேசம் இது. அரை கிரவுண்டு மனையில் நிற்கும் மாமரத்தின் எந்தக் கிளையைக் குறிவைத்தாலும், அந்தக் கிளைக்குப் பின்னால் அடுத்த வீட்டுச் சமையலறை ஜன்னலோ, மாடியில் துணி உலர்த்தும் ஒரு பெண்மணியோ இருந்தே தீருவார்கள். காற்றுத் துப்பாக்கிக் குண்டுகூட முந்நூறு மீட்டர் போகும். கண்ணில் பட்டால் கண் போய்விடும். 2021 டிசம்பர் இறுதியில் புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையில், துப்பாக்கிச் சுடும் பயிற்சித் தளத்திலிருந்து பாய்ந்த குண்டு, வீட்டில் இருந்த பதினொரு வயதுச் சிறுவனின் தலையில் பட்டு, சில தினங்களில் அந்தப் பிள்ளை இறந்துபோனதை நாம் எல்லோரும் பத்திரிகைகளில் படித்தோம். முறையான தளத்திலிருந்து புறப்பட்ட குண்டுக்கே அந்த வல்லமை இருக்குமானால், மொட்டை மாடியிலிருந்து புறப்படும் குண்டைப் பற்றி என்ன சொல்வது?

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் ஒரு மயக்கம் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத துளையும் உள்ள காற்றுத் துப்பாக்கியை வைத்துக்கொள்ள உரிமம் வேண்டாம். வைத்துக்கொள்ளலாம் என்பதைச் சுடலாம் என்று அநேகர் பொருள் செய்துகொள்கிறார்கள். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தொடக்கத்தில் சிறு வேட்டைக்கு உரிமம் வழங்க இடம் வைத்திருந்தது. 1991-இல் செய்த திருத்தம் அந்த வழியையும் அடைத்து, பாதுகாக்கப்பட்ட அட்டவணைகளில் உள்ள பிராணிகளை வேட்டையாடுவதை முற்றாகத் தடுத்துவிட்டது. அணில் வகைகள் பலவும் அந்த அட்டவணைகளில் ஏறியிருக்கின்றன; ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் நரை அணிலுக்கென்றே 1988-இல் ஒரு சரணாலயம் ஏற்பட்டது. தொல்லைப் பிராணிகள் என்று நெடுங்காலம் சட்டமே பெயர் சொல்லி ஒதுக்கிய பட்டியலில் காக்கை இருந்தது, எலி இருந்தது, பழந்தின்னி வௌவால் இருந்தது, அணில் இருக்கவில்லை. சட்டம் வருவதற்கு வெகுகாலம் முன்பே நம் செங்கல்பட்டுச் சீமையின் குடியானவர்கள் துப்பாக்கியைப் பற்றி ஒரு தீர்மானத்துக்கு வந்திருந்தார்கள் என்பதையும் இங்கே நினைக்கத் தோன்றுகிறது: வேடந்தாங்கல் ஏரியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798-இல் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்து மூலமாகவே பெற்றுக்கொண்டார்கள்.

ஆனால் இந்த விஷயத்தில் நான் உண்மையிலேயே குருவாகக் கருதும் மனிதர்கள் வேறு. தாம்பரம் ரயில் நிலையத்தின் நடைமேடையில் ஊசிமணி பாசிமணி கோத்து விற்றுக்கொண்டிருக்கும் நரிக்குறவர்களைக் காணாதவர் இந்தப் பக்கத்தில் இருக்க முடியாது. அவர்களுடைய முன்னோர்கள் இந்தப் பிராந்தியத்தின் புதர்க்காடுகளையும் ஏரிக்கரைகளையும் அங்குலம் அங்குலமாக அறிந்திருந்தார்கள். 1937-இல் ஜார்ஜ் டவுனிலிருந்து சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி தாம்பரத்துக்கு வந்தபோது அதற்கு வளாகமாக வாய்த்தது சேலையூர்க் காட்டின் ஒரு பகுதி. வண்டலூரும் நன்மங்கலமும் அப்படியே காடுகள். இடையிடையே மாடம்பாக்கம், செம்பாக்கம், முடிச்சூர் என்று ஏரிகள். தோளில் நீண்ட ஒற்றைக்குழல் துப்பாக்கியும், இடுப்பில் மருந்துப் பையும், பின்னால் ஒரு நாயுமாக அவர்கள் வரிசையாக ஏரிக்கரையில் நடந்து போவதைச் சிறுவயதில் நான் பார்த்திருக்கிறேன். நரியின் ஊளையை நரியே நம்பும்படி ஊளையிட்டு அதை அருகே வரவழைக்கும் அவர்களுடைய வித்தையை, சென்னை மியூசியத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தம் பெருநூலில் விவரித்திருக்கிறார். காடை, கௌதாரியின் குரலும் அப்படியே அவர்கள் தொண்டைக்குக் கட்டுப்பட்டிருந்தது.

அந்த நாட்டுத் துப்பாக்கியைச் சற்று நிதானமாகக் கவனிக்க வேண்டும். வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்த மருந்தைக் குழலின் வாய் வழியாகக் கொட்டி, கந்தலையோ தேங்காய் நாரையோ திணித்து, நீண்ட கம்பியால் இடித்து, அதன்மேல் ரவையைப் போட்டு, மறுபடியும் திணித்து இடித்து, பின்புறத்தில் கேப்பு ஒன்றைப் பொருத்தினால்தான் ஒரு வெடி தயாராகும். அது போய்விட்டால் அடுத்த வெடிக்கு மீண்டும் அத்தனை காரியமும் செய்தாக வேண்டும். அதற்குள் ஏரியிலுள்ள பறவையெல்லாம் எழுந்து போய்விடும். ரவை சிதறிப் போவதால் முப்பது மீட்டருக்கு அப்பால் அதற்கு வலு இல்லை. ஆகவே அந்தத் துப்பாக்கியைத் தூக்கியவன், பிராணிக்கு மிக அருகே, அது அறியாதபடி போயே ஆகவேண்டும். காற்று எந்தத் திக்கிலிருந்து வருகிறது, வெளிச்சம் யார் கண்ணில் படுகிறது, எந்தக் குருவி கத்திக் காட்டிக்கொடுக்கும் என்பதையெல்லாம் தெரிந்தே ஆகவேண்டும். ஆயுதத்தின் குறைவே அந்த மனிதனின் ஞானத்தை வளர்த்தது என்பது என் அபிப்பிராயம். தொலைநோக்கி பொருத்திய புதுத் துப்பாக்கியைத் தபாலில் வரவழைத்துக்கொள்பவருக்கு அந்த ஞானம் தேவைப்படுவதே இல்லை.

அவர்களில் வயோதிகர் ஒருவரிடம், வேட்டையை விட்டுப் பாசிமணிக்கு வந்து வெகுகாலம் ஆனவர் அவர், அணிலை எப்படி எடுப்பீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். அவர் வியப்போடு என்னைப் பார்த்து, "அணிலுக்குப் போயி மருந்தை யாராச்சும் வீணாக்குவாங்களா சாமி? மருந்து காசு சாமி. அதுக்கு உண்டிகோல் போதும். புள்ளைங்க அடிக்கும்" என்றார். பிறகு தாமாகவே, அணில் மரத்தைச் சுற்றி ஒளிவதைப் பற்றியும், இருவர் இருபுறமும் நின்று அதை ஏமாற்றுவதைப் பற்றியும், கென்டக்கிக்காரர் சொல்வது போலவே சொல்லிக்கொண்டு வந்தார். "வாலை வெட்டி வெட்டிக் கத்துச்சின்னா அது ஆளைப் பாத்துக் கத்தல சாமி, பாம்பு வந்திருக்கும், இல்லாட்டி பூனை வந்திருக்கும், இல்லாட்டி வல்லூறு மேல சுத்தும். அது கத்துற பக்கம் பாத்தா நமக்கு வேற ஏதாச்சும் ஆப்புடும்" என்று அவர் சொன்னது, எந்தப் பிராணி நூலையும்விட எனக்குப் பயன்பட்டிருக்கிறது. அவர் சொன்னபடி அந்தக் குரலின் திசையைத் தேடிப்போய், எங்கள் தெருவிலேயே சாரைப் பாம்பையும் வல்லூறையும் நான் கண்டிருக்கிறேன்.

வேட்டைக்குத் தடை வந்ததும், ஏரிகள் மனைகளானதும், இந்த மக்களுடைய வித்தைக்கு இடமில்லாமல் போய்விட்டது. அவர்களையும் குருவிக்காரர்களையும் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேற 2022 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பது நம் அனைவருக்கும் வருத்தம் தரவேண்டிய விஷயம். காட்டைப் படிக்கத் தெரிந்த அந்தப் பிள்ளைகளை நன்மங்கலம் காப்புக்காட்டிலும் வண்டலூரிலும் வழிகாட்டிகளாக நியமித்தால், கல்குவாரிப் பாறையில் கொம்பன் ஆந்தை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை நம் பள்ளிக் குழந்தைகளுக்கு அவர்களைவிட நன்றாக யார் காட்டிவிட முடியும்?

உண்டிகோல் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. கொய்யாக் கவட்டையில் சைக்கிள் டியூப் ரப்பரைக் கட்டிச் செய்யும் இந்த ஆயுதத்துக்கு மூத்தது மண் உருண்டையை எய்யும் உண்டைவில். பால பருவத்தில் இராமன் அந்த வில்லால் கூனியின் முதுகில் உண்டையை எய்து விளையாடியதும், அந்த ஒரு விளையாட்டு அவள் உள்ளத்தில் தங்கி நின்றதும் கம்பன் வாசகர்கள் அறிந்த கதை. அதே இராமன் சேது கட்டும்போது மணலில் புரண்டு வந்து உதவிய அணிலின் முதுகை வருடினான் என்கிறது நம் மக்களின் நம்பிக்கை. அந்த அணிலைத் தொண்டரடிப்பொடியாழ்வார் தம் திருமாலையில் நினைத்து உருகியிருக்கிறார். உண்டை எய்த கைதான் பிற்பாடு அணிலைத் தடவியது என்று இரண்டையும் சேர்த்து எண்ணிப் பார்க்கும்போது, நம்மவர்கள் ஒரு மனிதனின் வளர்ச்சியை எவ்வளவு நுட்பமாகக் கண்டிருக்கிறார்கள் என்று எனக்கு மனம் நெகிழ்ந்துபோகிறது.

கொய்யா விஷயத்துக்கு வருவோம். ஓர் அணிலைக் கொன்றால் அதன் இடம் காலியாக இருக்காது; பக்கத்து மனையிலிருந்து இன்னொன்று வந்து அந்த மரத்தைத் தனதாக்கிக்கொள்ளும்; ஆகவே சுடுவதால் பழம் மிஞ்சப்போவதில்லை. காய் எலுமிச்சையளவு பருத்ததும், காற்றோட்டமுள்ள துணிப் பையோ வலைப் பையோ போட்டு, காம்போடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். பழ ஈயும் அண்டாது, கிளியும் தொடாது. அணில் துணியைக் கடித்துப் பார்க்குமானால் கம்பி வலையில் சிறு கூடு செய்து பழத்தை மூடலாம். எட்டாத உச்சிக் கிளையில் இருப்பவற்றை அதற்கே விட்டுவிடலாம். தென்னைக்கு, ஆள் உயரத்துக்கு மேலே மரத்தைச் சுற்றி வழுவழுப்பான தகரத்தை அடித்துவிட்டால் எலியும் அணிலும் ஏற முடியாது. ஆனால் பக்கத்து மரத்தின் ஓலையோ கேபிள் கம்பியோ தொட்டுக்கொண்டிருந்தால் அந்தத் தகரத்தால் பிரயோஜனம் இல்லை, முதலில் அதை விலக்க வேண்டும்.

துப்பாக்கியின்மேலேயே ஆசை என்பவர்கள், முக்கியமாகக் கை துறுதுறுக்கும் இளைஞர்கள், அந்த ஆசையை விட்டுவிட வேண்டியதில்லை. 1984 முதல் ஒலிம்பிக்கில் இடம்பெற்றிருக்கும் பத்து மீட்டர் காற்று ரைஃபிள் போட்டிக்கும் அதே 4.5 மில்லிமீட்டர் குண்டுதான். அந்த இலக்கின் நடுவே பத்துப் புள்ளிக்கு உரிய பொட்டு அரை மில்லிமீட்டர் அகலம்தான் இருக்கும். நின்றபடி, மூச்சை அடக்கி, இருதயத்தின் இரண்டு துடிப்புகளுக்கு இடையே விசையை அழுத்தப் பழகவேண்டிய வித்தை அது. மரத்து அணிலைச் சுடுவதைவிடப் பன்மடங்கு கடினம், யாருக்கும் உயிர்ச் சேதமும் இல்லை. எழும்பூரில் சென்னை ரைஃபிள் கிளப் இருக்கிறது. தாம்பரத்தில் கடற்கரை மின்சார ரயில் ஏறினால் நேரே எழும்பூரிலேயே இறங்கிவிடலாம்.